கழுவெளிக் கரை, அன்றும் இன்றும்

எண்பதுகளில் வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணைக்குச் சைக்கிளில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் கோரையும்தான். கழுவெளி என்பார்கள். அப்பா வண்டியை நிறுத்தி நீலத் தாழைக்கோழியைக் காட்டுவார். ஊதா உடம்பு, சிவந்த அலகு, நெற்றியிலும் அதே சிவப்பு. கோரையை அடியோடு பிடுங்கி, கிளி மாதிரி ஒரு காலில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கோரை அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இவ்ளோ தண்ணி எங்கேர்ந்து வருது தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாம்பரத்துல பேஞ்சாலும் சேலையூர்ல பேஞ்சாலும் இங்கதாம்பா வரணும். அப்புறம் ஒக்கியம் மடுவுல எறங்கிக் கடலுக்குப் போயிடும்."

பின்னாளில் நான் படித்த அறிக்கைகளும் இதையேதான் சொல்லின. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் வந்து தங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் கழிமுகத்தை அடைகிறது.

இன்று அந்தத் தண்ணீருக்கு நடுவே பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. கிழக்கே ஐ.டி. கட்டடங்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் பெரும்பகுதி போய்விட்டது. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு, ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மனம் நிறைந்து மகிழ்ந்தேன். ஆனால் போனது போனதுதான்.

"இத்தனை ஜனம் இருக்கிற நாட்டுல வீடு கட்ட வேண்டாமா?" என்று என் மைத்துனர் கேட்கிறார். நியாயமான கேள்வி. உலக நிலப்பரப்பில் 2.4 சதவீதத்தை வைத்துக்கொண்டு, உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் இங்கே வாழ்கிறோம். இதே நிலத்தில்தான் உலகில் அறியப்பட்ட உயிரினங்களில் 7, 8 சதவீதமும் இருக்கின்றன. வீடு வேண்டும்தான். ஆனால் வடிகாலில் கட்டியது வீடாக நிற்கிறதா? 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் புயலிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஜனங்களைப் படகில் அல்லவா மீட்டார்கள்! தாத்தா சொன்ன தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வந்தது.

பறவைகள் இன்னும் வருகின்றன. பூநாரை வருகிறது, கூழைக்கடா வருகிறது, தாழைக்கோழியும் இருக்கிறது. ஆனால் பூநாரைக்கு நின்று மேய ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் அது எங்கே கால் வைக்கும்?

மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். அரசு எல்லைக்கல் நட்டு, குப்பையையும் கழிவுநீரையும் நிறுத்தட்டும். நாமும் ஒன்று செய்யலாம். சதுப்போரம் மனை விலைக்கு வருகிறது என்றால், கிராம வரைபடத்தில் அந்தப் புல எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள். நீர்நிலை என்றிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.