டீக்கடைப் பெரியவரும் கேமராவும்

கேள்வி: 'இன்ஃப்ளூயன்சர்' என்கிறார்களே, யார் இவர்கள்? இவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கலாமா?

பதில்: முன்பெல்லாம் தெருமுனை டீக்கடையில் ஒரு பெரியவர் இருப்பார். எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தக் கடை வேட்டி சாயம் போகாது என்று எல்லாம் சொல்வார். அவர் கையில் கேமராவும் எதிரில் பத்து லட்சம் பேரும் இருந்தால் அவர்தான் இன்ஃப்ளூயன்சர். ஒரு வித்தியாசம் உண்டு: நம் பெரியவருக்கு வேட்டிக் கம்பெனி காசு கொடுக்கவில்லை!

அதற்காக எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்தார்கள். அவர்களுடைய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதே ஆண்டு முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அம்மியில் அரைத்த மசாலாவில் ஏமாற்று எதுவும் இல்லை. தாராளமாகப் பாருங்கள்.

என் கோபமெல்லாம் சர்க்கரை நோய்க்குப் பொடி விற்பவர்கள் மீதும், 'இந்தப் பங்கை வாங்கு' என்று அவசரப்படுத்துகிறவர்கள் மீதும்தான். ஏமாந்தால் போவது நம் உடம்பும் சேமிப்பும் அல்லவா? காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2023 நெறிமுறை. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

சமையலுக்கு செல்போனைப் பாருங்கள். மாத்திரைக்கு டாக்டரையே பாருங்கள்.