ஒரு நாள் காயகல்பம்

அனுப்புநர்: பெண்கள் எலும்பு முறிவு வார்டில் கட்டிலுக்கு மேலே அம்மாவும் கட்டிலுக்குக் கீழே பாயுமாக இருக்கும் ஒரு மகள்.

பெறுநர்: உயர்திரு ஆய்வுக் குழுத் தலைவர் அவர்கள்.

பொருள்: தங்கள் வருகையால் எங்கள் வார்டு குணமடைந்தது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: கடந்த வியாழக்கிழமை காலை தாங்கள் வாசற்படியில் நின்று பார்த்த பார்வை.

ஐயா,

பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட என் அம்மாவுக்கு, பதினொரு நாளாகியும் ஆபரேஷன் தேதி கிடைக்கவில்லை. தங்கள் தேதி மட்டும் புதன்கிழமை மத்தியானமே வார்டுக்குக் கிடைத்துவிட்டது.

அன்று ராத்திரி பினாயில் நெடியில் ஒருவரும் தூங்கவில்லை. எங்கள் பாய், ஃபிளாஸ்க், கஞ்சித் தூக்கு எல்லாம் மாடிப்படிக்கடியில் போயின. கூடவே நாங்களும் போனோம். ஜன்னலோரத்துப் பூனை மட்டும் அசையவில்லை. விடியற்காலையில் மூணாம் நம்பர் கட்டில் பாட்டிக்குச் சலவை மணத்தோடு வெள்ளை விரிப்பு போட்டார்கள். பாட்டி மிரண்டுபோய், “எதுக்குடி வெள்ளைத் துணி? எனக்கு இன்னும் மூச்சு இருக்கே” என்றார்.

முக்கியமான விஷயம் சோப்பு. வாஷ்பேசினுக்கு மேலே கை கழுவும் முறை படம் படமாக ஒட்டியிருக்கிறது. கையை நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி ஆக வேண்டுமாம். படத்தில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நுரைகூட இருக்கிறது. கீழே இருக்கும் குழாய்க்குத் திருகு கிடையாது. ட்ரிப்ஸ் டியூபைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கழுவிய கையாலேயே அதை இறுக்கித் தண்ணீரை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் வியாழக்கிழமை காலை ஒரு புதுச் சோப்பு, உறை பாதி பிரித்த நிலையில், மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. தாங்கள் அதை ரசித்துப் பார்த்தீர்கள். தொட்டுப் பார்த்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்போம்.

1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்றொரு டாக்டர், பிணத்தை அறுத்துவிட்டு நேரே பிரசவம் பார்க்கப் போனவர்களை, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுப் போகச் சொன்னார். நூற்றுக்குப் பதினெட்டு வரை போயிருந்த தாய்மார் சாவு, சில வாரங்களில் இரண்டை ஒட்டி இறங்கியது. பெரிய டாக்டர்கள் பலருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில், 1865-ல், அவர் மனநலக் காப்பகத்தில் செத்துப்போனார். எங்கள் வார்டில் அவ்வளவு கொடுமை நடக்காது. கட்டுப் பிரிக்க வந்தவரிடம் “கை கழுவிட்டீங்களா” என்று கேட்டதற்கு, என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வாளிகளையும் பார்த்திருப்பீர்கள். 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள், டியூபுக்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலம், ஊசிக்குக் குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பா. தங்களுக்காக நாலும் வரிசையாக நின்றன. மற்ற நாட்களில் இருப்பது ஒரே மஞ்சள் வாளி. அதில் ஊசி, பஞ்சு, டீக் கப்பு, வாழைப்பழத் தோல் எல்லாம் சமத்துவமாகக் கிடக்கும். அதைக் கையால் பிரிப்பது கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. ராத்திரியில் மூன்று வார்டுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு கைக்கு உறை, மறு கைக்குக் கேரிபேக். ஊசி ஏறிய விரலைக் காட்டி, “குழாயில கழுவிட்டு வேலையப் பாத்தேன்மா” என்றார். எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை அவருக்குப் புதுக் கையுறை கொடுத்தார்கள். சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

சுத்தமான ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு 2015-ல் ஆரம்பித்த விருதுக்குக் ‘காயகல்ப்’ என்று பெயர். சித்தர்களின் காயகல்பம் நூறு வருஷம் தாங்கும் என்பார்கள். எங்கள் வார்டு சாப்பிட்டது சாயங்காலம் நாலரை வரை தாங்கியது. அதிலும் ஒரு சந்தோஷம்: ஆளும் பணமும் இல்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். ஒரே ராத்திரியில் எல்லாம் எங்கிருந்தோ வந்ததை எங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

தங்களைத் தினமும் வரச் சொல்வது நியாயமில்லை. தினமும் மத்தியானம் ஒரு போன் மட்டும் போட்டு, “நாளைக் காலை வருகிறோம்” என்று சொல்லிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மாடிப்படிக்கடியிலிருந்து,
ஒரு மகள்.

பி.கு.: சோப்பு ஸ்டோர் ரூம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உறையைத் திரும்ப ஒட்டிவிட்டார்கள்.