அன்று ஒரு சிடி, இன்று ஓர் உரிமம்

2000களின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினால், பெரும்பாலும் அது கடையில் அசெம்பிள் செய்ததுதான். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் கொட்டேஷனில் விலை இருக்கும். இயங்குதளமான ஓஎஸ்ஸுக்கு மட்டும் இருக்காது. "அதை நாங்களே போட்டுத் தந்துடுறோம் சார்" என்பார் கடைக்காரர். மார்க்கர் பேனாவால் 'எக்ஸ்பி' என்று எழுதிய விண்டோஸ் சிடி வரும். அதன் 25 எழுத்துக் கீதான் எங்கள் தெருவில் பல வீடுகளிலும் ஓடியது.

யாரையும் ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மென்பொருளுக்கு உரிமம் உண்டு என்று எவரும் சொல்லித் தரவில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கணினி நிரல் 1984 திருத்தத்திலேயே வந்துவிட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது பிரிவு 63பி. சட்டம் எட்டாத வீடுகளையும் வைரஸ் எட்டியது. போலி கீ பிடிபடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைப்போம், பென் டிரைவில் வைரஸ் ஏறும், ஃபார்மட் அடிப்பார்கள், தீபத்துக்கு எடுத்த படங்கள் அத்தனையும் போய்விடும்.

2011இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் வந்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகளில் பலர் இரண்டாவதைத் திறந்தே பார்க்கவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு வகை உரிமங்கள் இருந்தன என்பதை அப்போதே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சீட்டு வாங்கினால் பயணம் செய்யலாம், பேருந்து நமதாகாது. விண்டோஸ் உரிமம் அப்படிப்பட்டது. லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமமோ நிரலைப் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் இடம் தருகிறது. கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது.

இன்று நிலைமை வேறு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். நன்றாக ஓடும் பழைய ஐ3 கணினிகள் வெளியே நிற்கின்றன. அவற்றைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்டை பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு, லிப்ரே ஆபிஸ், பிரவுசர் எல்லாம் அதில் உண்டு. கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் காசு கொடுத்து முறையாக வாங்கட்டும்.

காசு கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த உரிமம் யார் பெயரில்? எத்தனை கணினிக்கு? மதர்போர்டு போனால் வேறு கணினிக்கு மாற்றலாமா? கம்ப்யூட்டரோடு வரும் ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடே முடியும்; தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தை மாற்றலாம். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பாட வேளையில் சொல்லித் தரலாம். நமக்குக் கிடைக்காத அந்தப் பாடம் அவர்களுக்காவது கிடைக்க வேண்டும்.