தாரும் தொங்கு நாற்காலியும்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஏறுவது பழக்கமில்லை. எங்கள் பெருமாள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சமதரையில் படுத்திருக்கிறார், நடந்தால் போதும். ஏறித்தான் தீரவேண்டும் என்றால் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து மலைக்கோட்டைக்குப் போகவேண்டும். ரங்கநாதரை ஆற்றங்கரையில் தரையில் வைத்துவிட்டு, விபீஷணனுக்குத் தப்பி ஓடிய பிள்ளையார்தான் அந்த உச்சியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது கதை. இவ்வளவு தூரம் ஏறி வரமாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார். வந்து தலையில் குட்டிவிட்டுப் போனான்.

1978இல் அத்தைக்கு முதல் பிரசவம். நல்லபடியாக ஆனால் மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் தருவதாக அப்பாயி வேண்டிக்கொண்டாள். சுகப்பிரசவத்துக்கு அங்கே தார் செலுத்துவது ஊர் அறிந்த நேர்த்தி. பையன் பிறந்தான். காந்தி மார்க்கெட்டில் ஒரு பூவன் தார் வாங்கி, துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அப்பா தோளில் ஏற்றினார். பின்னால் அப்பாயி, அவள் பின்னால் ஒன்பது வயது நான். படிகள் மொத்தம் 417 என்பார்கள். நான் எண்ணி ஒருமுறைகூட அது வந்ததில்லை. பாறையைக் குடைந்த அந்த வழியில் கொஞ்சம் ஏறியதுமே அப்பாவின் சட்டையில் தார்க்காம்பின் பால் வழிந்து கறையாகிவிட்டது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. சட்டை போன பிறகும் கரித்துணியாக அது எங்கள் வீட்டில் இருந்தது.

அடுத்த வருஷம் பழனி. அங்கே 1966லேயே விஞ்ச் வந்துவிட்டது. சரிவில் தண்டவாளம், அதன் மேல் பெட்டி, பெட்டியை இழுக்க இரும்புக் கம்பிவடம். எட்டு நிமிஷத்தில் உச்சி. அப்பாயிக்கு அப்போதே மூட்டுவலி. 693 படி ஆகாது என்று அப்பா வலுக்கட்டாயமாக ஏற்றினார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பயமில்லையாம், வெட்கமாம். "நடக்காம போய்க் கும்புட்டா முருகன் அதைக் கணக்குல எழுதுவானா?" என்று மேலே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

எந்தப் பையனின் தாருக்காக அப்பாவின் சட்டை போனதோ, அந்தப் பையன் இன்று அமெரிக்காவில் பனிச்சறுக்குப் பைத்தியம். குளிர்காலம் வந்தால் வீடியோ வரும்: வெள்ளை மலை, அந்தரத்தில் நகரும் நாற்காலி, அதில் கால் தொங்க இவன். அவன் போகும் மலையில் புதிதாக மூடிய பெட்டிகள் ஓடுகின்றன. பக்கத்திலேயே இரண்டு பேர் மட்டும் உட்காரும் கிழட்டு நாற்காலி வரிசையும் தள்ளாடிக்கொண்டு ஓடுகிறது. "இதை ஏண்டா இன்னும் கழற்றிப் போடல?" என்று கேட்டேன். "காத்து பலமா அடிச்சா புதுசை நிறுத்திடுவாங்க, மச்சான். உசரத்துல தொங்குதுல்ல. இது தாழப் போகுது, மரங்களுக்கு நடுவுல. அன்னிக்கு இதுதான் கதி."

அந்த நாற்காலி எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1930களில் அமெரிக்க யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி, ரயிலுக்குப் பயணிகள் வேண்டும் என்பதற்காக ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்று ஒரு பனிச்சறுக்கு ஊரையே உண்டாக்கியது. மலை உச்சிக்கு ஆளைக் கொண்டுபோவது எப்படி என்று கம்பெனி எஞ்சினியர்கள் மண்டையைக் குடைந்தார்கள். ஐரோப்பாவில் 1934லேயே டாவோஸில் கம்பிவடத்தில் குச்சியைத் தொங்கவிட்டு, சறுக்குபவரைத் தரையோடு இழுத்துப் போனார்கள். சந்தைக்கு ஆட்டை இழுத்துப் போவது போலத்தான். எஞ்சினியர்களில் ஜேம்ஸ் கரன் என்பவர் அதற்கு முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஓடும் கம்பிவடத்தில் கொக்கி, கொக்கியில் தார். தாரை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினால் என்ன என்றார். சோதிக்கப் பனி இல்லை. ஓமாஹாவில் லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, காலில் உருளைச் சக்கரம் மாட்டிய ஆளை அள்ளிப் பார்த்தார்கள். 1936இல் அது மலை ஏறியது. உலகின் முதல் நாற்காலி லிஃப்ட்.

அங்கே வாழைத்தாரின் இடத்தில் மனுஷன் சவாரி போய்க்கொண்டிருந்தான். நாற்பது வருஷம் கழித்தும், ஆற்றுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் வாழையாக விளையும் எங்கள் ஊரில், மனுஷன் மேல்தான் தார் சவாரி போனது.

போன வருஷம் அத்தை பையன் ஊருக்கு வந்தான். பழனி போனோம். 2004இல் வந்த ரோப் கார் மூன்றே நிமிஷத்தில் ஏற்றிவிடும் என்று ஆசை காட்டியிருந்தேன். போன அன்று பராமரிப்பு. காற்று அடித்தாலும் அது நிற்கும், மாதாந்திரப் பராமரிப்புக்கும் நிற்கும், வருஷாந்திரப் பராமரிப்புக்கோ வாரக்கணக்கில் நிற்கும். ஆக, அப்பாயி வெட்கப்பட்ட அதே விஞ்ச். இப்போது அதுதான் பழைய ஆள். வரிசை வளைந்து வளைந்து போயிற்று. கண்ணை மூடிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை, போனில் படம் எடுக்கவே இரண்டு கையும் போதவில்லை. "அந்த ரெண்டு பேர் நாற்காலி மாதிரியேதான் மச்சான்" என்றான் அவன், ஏதோ சொந்தக்காரரை எதிர்பாராமல் பார்த்துவிட்டவன் போல.

குளித்தலைப் பக்கம் அய்யர்மலைக்கு 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. அங்கே 1,017 படி. மலைக்கோட்டைக்கும் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், என் முழங்கால் ஆவலாகக் கேட்டுக்கொள்ளும்.

பழனியிலிருந்து திரும்பிய மறுநாள் அத்தை அவனிடம், "உனக்காக எங்கண்ணன் தூக்குன தாரு. நீ ஒண்ணு தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டு வா" என்றாள். அவன் சின்னக்கடைத் தெருவில் ஒரு சீப்பு வாங்கினான். சீப்பா என்று கேட்டதற்கு, முதுகு டிஸ்க் என்றான். நான் அடிவாரத்து மாணிக்க விநாயகருடன் தங்கிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அவர் கீழே இருக்கிறார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, மஞ்சள் டீஷர்ட் தொப்பலாக நனைந்து இறங்கி வந்தான். பேச்சு வரவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"எண்ணினியா?"

"எண்ணினேன். 431."

நான் மறுக்கவில்லை.