மிக்ஸர் பக்கத்து அண்ணன்

கல்லூரிக் கலைவிழா என்றால் ராக் பேண்ட் போட்டி இருக்கும். ராக் பேண்ட் போட்டி என்றால் சவுண்ட் மிக்ஸருக்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் ஆனாலும் சரி, தாம்பரம் தாண்டி ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி ஆனாலும் சரி, ஆள்தான் வேறு, நிற்கும் இடம் ஒன்றே. வயது நாற்பதை எட்டிப் பார்க்கும். கறுப்பாக வாங்கிய டி-ஷர்ட் துவைத்துத் துவைத்துச் சாம்பலாகி, அதிலிருந்த அயர்ன் மெய்டன் பூதத்துக்குப் பாதி முகம் உதிர்ந்திருக்கும். ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர், இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் மேனேஜர். போஸ்டரில் ஐந்து மணி என்று போட்டால் ஏழுக்குத்தான் தொடங்கும் என்று தெரிந்தும் நாலே முக்காலுக்கு வந்துவிடுவார். கண்ணெதிரே எது நடந்தாலும் மிக்சர் தின்றுகொண்டிருக்கும் ரகம் ஒன்று உண்டு. இவர் அந்த ரகமல்ல. "தலைவா, வாய்ஸ்ல லோ கொஞ்சம் குறைங்களேன், குடத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்பார். சவுண்ட்காரர் எதனோடும் இணைக்கப்படாத ஒரு குமிழை மிகுந்த பக்தியோடு திருகுவார். "ஆங், இப்ப கரெக்ட்" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

இவரைக் கிண்டலடிப்பது சுலபம். மேடையில் இருக்கும் பிள்ளைகள், அமைப்பாளர்கள், அந்தச் சவுண்ட்காரர் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நியாயமாகப் பார்த்தால், அன்று ராத்திரி எல்லா பேண்டையும் உண்மையாகக் கேட்கிற ஒரே மனிதர் இவர்தான். மற்றவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் கத்திக் குதிக்கும் கூட்டம், கீபோர்டு வாசிக்கும் பையனின் ஹாஸ்டல் கூட்டம். அவன் ஏறுவதற்கு முன் போனைப் பார்க்கும், ஏறியதும் அதே போனில் அவனை வீடியோ எடுக்கும், இறங்கியதும் ஸ்டாண்டையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய்விடும். போட்டியாளர்களாவது கேட்பார்களா? இன்னும் வாசிக்காதவர்கள் மேடைக்குப் பின்னால் பெடலுக்கு பேட்டரி தேடிக்கொண்டிருப்பார்கள். வாசித்து முடித்தவர்கள் இரண்டாம் பாட்டில் கட்டையை யார் விட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். டிரம்மரின் அம்மா காதில் பஞ்சு வைத்திருப்பார். அவர் மகன் இரண்டு காலாலும் பெடலை மிதிக்கிற வேகத்துக்கு அந்தப் பஞ்சு போதாது என்பதுதான் உண்மை.

நடுவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லக் கூடாது. மேடையில் டிரம்ஸ் ஒன்றுதான், எல்லா பேண்டுக்கும் அதுவே பொது. மைக்குகளும் ஆம்ப்களும் அப்படியே. ஆகையால் சீட்டுக் குலுக்கலில் முதலாவதாக வந்த பேண்ட் தன்னுடைய பதினைந்து நிமிடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கான சவுண்ட் செக்காகத் தியாகம் செய்கிறது. கடைசி பேண்ட் வரும்போது சவுண்ட் அருமையாக இருக்கும், நடுவர்தான் பசியில் இருப்பார். இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் எலிசபெத் ராணி இசைப் போட்டி உலகத்தின் பெரிய பியானோப் போட்டிகளில் ஒன்று. இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேரும் சீட்டுக் குலுக்கி, நாளுக்கு இருவராக ஆறு நாள் வாசிப்பார்கள். அதன் முடிவுகளை ஆராய்ந்து ஃப்ளோரஸ், கின்ஸ்பர்க் என்ற இருவர் 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் நாள் வாசித்தவர்களுக்குப் பட்டியலில் மேலே வரும் வாய்ப்பு குறைவு என்று அதில் தெரிந்தது. 2013இல் சியா-ஜுங் ட்சாய் செய்த ஆய்வு இன்னும் மோசம். போட்டிகளின் இறுதிச் சுற்றுக் காட்சிகளைத் துண்டு துண்டாகக் கொடுத்து, யார் ஜெயித்திருப்பார் என்று கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்களை விட, ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் அப்படித்தான். அதாவது இசைப் போட்டியில் பரிசு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் போகிறது. தலைமுடியைச் சுழற்றுகிற கிட்டார்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும்.

இப்போது அண்ணனைப் பாருங்கள். அவர் மேடைக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டி, மிக்ஸரில் ஏறி இறங்கும் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திமிர் என்று தோன்றும். ஆனால் கண்ணால் ஏமாறாமலிருக்க இதைவிட நல்ல வழி அந்த அரங்கில் கிடையாது. அரங்கிலேயே இடமும் வலமும் சமமாகக் கேட்கும் இடத்தில்தான் மிக்ஸரைப் போடுவார்கள். அங்கே நிற்கிறவருக்குப் பாடகனின் அழகைவிட அவன் சுருதி விட்டது முதலில் தெரியும். தொடையில் தட்டி ஏழேழாக எண்ணுவார், ஏழாவது தட்டில் டிரம்மர் வழுக்கினால் உச்சுக் கொட்டுவார். எல்லாரும் லீட் கிட்டாருக்குக் கைதட்டும்போது, "பேஸ் பையன் நல்லா பிடிச்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்வார். ஊரே கவனிக்காத அந்தப் பேஸ் பையனுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. அவன் காதுக்கு அது எட்டாது என்பது வேறு விஷயம்.

ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, இவர் யாரையும் முழுசாகப் பாராட்ட மாட்டார். "டைட்டா இருக்கு, ஆனா ஒரிஜினல் இல்ல" என்பதுதான் இவர் கொடுக்கும் உச்சபட்சப் பரிசு. உண்மைதான். ஆனால் நண்பர் கூட்டத்தின் பாராட்டு எதைப் போட்டாலும் வரும்; இவருடையது அபூர்வம் என்பதால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. இரண்டாவது, ரசனை ட்ரீம் தியேட்டர் பேண்டோடு நின்றுவிட்டது, நடுவில் யாராவது கஞ்சிரா எடுத்தால் டீ குடிக்கப் போய்விடுகிறார் என்பார்கள். இதை மறுக்க முடியாது. கர்நாடக இசையையும் ராக்கையும் கலந்து வாசித்த அகம் என்ற பேண்ட், சன் டி.வி.யின் ஊலலலா போட்டியில் ஜெயித்தே மேலே வந்தது. அன்று டீ குடிக்கப் போயிருந்த அண்ணன்மார்கள் இன்று "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார்கள். இந்தப் பொய்யை மன்னித்துவிடலாம், எல்லா ரசிகர்களும் சொல்கிற பொய் இது. மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: இவர் கணிப்பு ஒருநாளும் பலிப்பதில்லை, இவர் கைகாட்டும் பேண்ட் மூன்றாம் இடத்தைத் தாண்டாது. தாண்டாது, சரி. அது அவர் காதின் குற்றமா, போட்டியின் குற்றமா? 1950களின் இறுதியில் மான்செஸ்டரில் ஒரு திறமைப் போட்டி. நிகழ்ச்சியின் முடிவில் கைதட்டலின் அளவை வைத்து வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். லிவர்பூலிலிருந்து வந்த மூன்று பையன்கள் நன்றாக வாசித்துவிட்டு, ஊருக்குப் போகும் கடைசி வண்டியைப் பிடிக்க, கைதட்டலுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் என்ற அந்த மூவரும் அன்று ஜெயிக்கவில்லை. கைதட்டலை அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். அன்றைக்கும் ஓரத்தில் கைகட்டி நின்ற ஒருவர், "அந்தப் பசங்க நல்லா பண்ணாங்கப்பா" என்று சொல்லியிருப்பார் என்றே நான் நம்புகிறேன், சாட்சியம் கிடையாது.

ஆகவே அடுத்த பேண்ட் போட்டிக்குப் போனால் முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு மிக்ஸர் பக்கம் போய் நில்லுங்கள். அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, யார் நன்றாக வாசித்தார்கள் என்று கேளுங்கள். அவருடைய பேண்ட் ஏன் கலைந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி பஸ் போய்விடும்.