எண்பத்தெட்டு பூஜ்யங்கள்

2025 டிசம்பர் 19 அன்று தமிழகத்தின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளிவந்தது. 6.41 கோடிப் பெயர்கள் 5.43 கோடியாக இளைத்திருந்தன. பட்டியலின் இந்தச் சிறப்புத் தீவிரத் திருத்தமே (SIR) கூடாது என்று திமுக ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் போயிருந்தது. கட்டாயம் வேண்டும் என்று அதிமுகவும் போயிருந்தது. கோவை டீக்கடை பெஞ்சுகளில் இரு தரப்பும் செத்தவர்களின் ஓட்டைப் பற்றி ஆவேசமாக வாதாடின. உயிரோடிருந்தவர்கள் அதே திருத்தத்துக்காகப் பழைய 2002 பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பனியன் கம்பெனி மாறும்போதெல்லாம் வாடகை வீடும் மாறிய திருப்பூர்க்காரரிடம், "2002-ல் எந்த பூத்?" என்று கேட்பது பெரிய பாவமுங்க.

இதற்கெல்லாம் மனம் தளருகிறவர்கள் மொடக்குறிச்சித் தொகுதியை நினைத்துக்கொள்ளலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில், எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுப் போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. கடைசியில் ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தனக்குத் தானே போட்டுக்கொள்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். கொங்குப் பண்பாடு அப்படி.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற வேட்பாளரின் 250 ரூபாய் டெபாசிட்டை 5,000 ஆக்கியது. விவசாயி கேட்டது வேறு என்பது சின்ன விஷயம்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனவங்க படிவம் 6 எழுதிக் கொடுங்க. அதுக்கு இன்னும் டெபாசிட் வைக்கலீங்க.