பின்கட்டு நெசவாளிகள்

காஞ்சிக்குப் பக்கத்து ஐயம்பேட்டையில் அந்த வீட்டின் முன்கட்டில் தறி ஓடுகிறது, பின்கட்டில் மாமரம் நிற்கிறது. முன்கட்டில் சோறு போடுவதே ஒரு புழுதான். அது கக்கிய நூலைச் சேலையாக்கித்தான் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடிந்தது. பின்கட்டிலோ புழு என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்.

"ஒரு டேங்க் மருந்து அடிச்சுடுங்கண்ணே" என்பது தெருவின் ஏகமனதான யோசனை. சொல்கிற யாருக்கும் மரம் கிடையாது. மரத்தடியில் கிணறு, கிணற்றோரம் துணிக்கொடி, வாசலில் காலைநேரத்துப் பாவு. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யார் கண்டது? மருந்து வாடையோடு முகூர்த்தப் பட்டு போய், தாலி கட்டும் நேரத்தில் கல்யாணப் பெண் தும்மினால் பதில் சொல்ல வேண்டியது நெய்தவர்தானே!

மரத்துக்குக் காவல் இல்லாமலும் இல்லை. முசுறு எறும்பு இருக்கிறது. வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொரு எறும்பு தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்வி, இலைக்கு இலை நாடா ஓட்டும். வளர்ந்த எறும்புக்குப் பட்டு சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். கூலி உயர்வு கேட்காத நெசவாளி என்று பெரியவருக்கு இதன்மேல் தனி மரியாதை. கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சீன நூல், ஆரஞ்சு மரங்களைக் காக்க இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் பையோடு விற்றதைச் சொல்கிறது. பூச்சியை வைத்துப் பூச்சியை விரட்டியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான்.

ஆனால் முசுறுக்கு உரிமையாளர், திருடன் என்ற பேதம் கிடையாது. மாங்காய் பறிக்க ஏறிய மைத்துனர் இறங்கிய வேகத்தை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போதாக்குறைக்கு, மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்கு ஆசைப்பட்டு அதற்குப் பாதுகாப்பும் கொடுக்கும். காவல்காரன் திருடனுக்கு டீ வாங்கிக் கொடுத்த கதை.

மாவுப்பூச்சி லேசுப்பட்டதல்ல. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி என்று தொடங்கி மல்பெரியிலும் ஏறியது. மல்பெரி இலை போனால் பட்டுப்புழுவுக்குப் பட்டினி. பிறகு காஞ்சிக்கு ஏது பாவு, ஏது ஊடை? அடித்த மருந்தோ மேலே பூசியிருந்த மெழுகுமாவில் வழுக்கிப்போனது. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்தன. கடைசியில் 2010-இல் பெங்களூரிலிருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அசெரோபேகஸ் என்ற குளவி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத உருவம், மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டது. குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வந்தது. பெரியவர் கொடூரமான கதைகளை விரும்பாதவர். இதை மட்டும் இரண்டு முறை கேட்டார்.

மிச்சம் பழ ஈ. பீகார் பூசாவில் பூச்சியியலாளர் ஹவ்லெட் 1912-இல் எழுதியது: கொசு விரட்டும் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் கூட்டமாய் வந்து மொய்த்தனவாம். மெத்தில் யூஜினால் என்ற பொருள்தான் அந்த வசியம். துளசியிலும் உண்டு. காஞ்சி ஏகாம்பரநாதருக்குத் தலமரம் மாமரம். அதன் பழத்தைச் சொத்தையாக்கும் ஈக்குடும்பத்தின் தலைவரோ துளசிக்கு மயங்கும் வைணவர்! மெத்தில் யூஜினாலில் ஊறிய பலகைத்துண்டைப் பாட்டிலில் தொங்கவிட்டால் ஆண் ஈ வரும். முட்டையிடும் பெண் ஈ வராது. அவளுக்கோ அடுத்த தெருவிலிருந்து மாப்பிள்ளை வந்துவிடுவார். ஒற்றை மரத்துக்கு, விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதும், காய்க்குக் காகிதப் பை மாட்டுவதும்தான் கைகொடுக்கும்.

காகிதத்துக்குப் பதிலாகப் பழைய கோர்வைப் பட்டுச்சேலையைக் கிழித்துக் கட்டலாமே என்றான் பேரன். பெரியவர் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட முடியாது.